கோவேறு கழுதை போட்ட பாதை

சைக்கிள் சுற்றுலாவுக்குத் தனிப்பாதை கேட்டால் புதிதாகப் போடத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை போகும் சி அண்ட் ஓ கால்வாய்க்கரையைப் பாருங்கள். சரக்குப் படகுகளைக் கோவேறு கழுதைகள் இழுத்துப்போன மண்பாதை. சுமார் 297 கிலோமீட்டர். கால்வாயை ஒட்டியே போவதால் மிதிப்பவருக்கு ஏற்றமே தெரியாது. படகை ஏற்றி இறக்கும் மதகுகளின் பக்கம் மட்டும் சின்ன மேடு. (மழை பெய்தால் சங்கிலியெல்லாம் சேறு, அது வேறு கதை.) இதன்மேல் கார் சாலை போடத் திட்டம் வந்தது, ‘வாஷிங்டன் போஸ்ட்’ தலையங்கம் ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் வாதத்தோடு நிற்கவில்லை. 1954இல் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர்களையே கரையோரம் நடக்கக் கூப்பிட்டார். கால் கடுத்த பிறகு பத்திரிகை இறங்கிவந்தது. அவர் எழுதிய தீர்ப்புகளைவிட எனக்கு இந்த நடை பிடிக்கும். 1971இல் அந்தக் கால்வாய்க்கரை தேசிய வரலாற்றுப் பூங்காவானது, சாலை வரவேயில்லை.