70 வளைவு, 145-வது இடம்

"வெள்ளைக்காரனே வைத்தியத்துக்கு சென்னைக்குத்தான் சார் வர்றான்!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்பவரா நீங்கள்? தப்பில்லை. வெள்ளைக்காரனை விடுங்கள், வங்கதேசத்திலிருந்து வேலூருக்கும் சென்னைக்கும் எத்தனை வருடமாக வந்திருக்கிறார்கள்! ஆனால் நான் பி.காம். படித்தவன். வரவை மட்டும் எழுதிய கணக்கு எனக்கு உறுத்தும்.

2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் 195 நாடுகளை வரிசைப்படுத்தியது. இந்தியா 145. சீனா 48, போகட்டும், பணக்கார நாடு. இலங்கை 71. பூடான் 134. வங்கதேசம் 133. ஆமாம், நம்மிடம் வைத்தியத்துக்கு வந்த அதே வங்கதேசம்தான்!

எப்படி? அவர்கள் பளிங்குத் தரை போட்ட ஆஸ்பத்திரிகளை எண்ணவில்லை. பிரசவம், காசநோய், வயிற்றுப்போக்கு என்று, வேளைக்கு வைத்தியம் கிடைத்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களின் சாவை எண்ணினார்கள்.

கொல்லிமலை வளப்பூர் நாட்டுக்குப் போயிருப்பீர்கள். அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி எல்லாம் அங்கேதான். காரவள்ளியிலிருந்து ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். நமக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாலும் குமட்டும். அதே வளைவுகளில் வலி கண்ட பெண்ணை இறக்குவதை நினைத்துப் பாருங்கள். செம்மேட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, 2008-லிருந்து தமிழ்நாட்டில் 108 ஓடுகிறது, மறுக்கவில்லை. பெரிய சிக்கல் என்றால் நாமக்கல், இல்லை சேலம்தானே?

'தேசத்துரோகி' என்று கடிதம் போடப் போகிறீர்களா? போடுங்கள். கூடவே, ராத்திரி 2 மணிக்கு சிசேரியன் செய்ய டாக்டர், மயக்க டாக்டர், ரத்தம் மூன்றும் நம் மலைகளில் எத்தனையில் இருக்கிறது என்றும் விசாரித்து எழுதுங்கள்.