ஆள் போனான், சாட்டை போகவில்லை

முப்பத்தேழு வருஷம் ஆண்ட ஒருவரை நாற்காலியை விட்டு இறக்குவது பெரிய காரியமா, அல்லது அவர் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கி முறிப்பது பெரிய காரியமா? ஜிம்பாப்வே தேசத்து ஜனங்கள் 2017 நவம்பரில் முதல் காரியத்தைக் கண்டு வீதிகளில் ஆடிப்பாடினார்கள். ராணுவ வண்டிகள் மீதேறி சிப்பாய்களைக் கட்டித் தழுவினார்கள். இரண்டாவது காரியத்தை இன்றுவரை யாரும் செய்தபாடில்லை.

இறக்கப்பட்டவர் ராபர்ட் முகாபே. அத்தேசம் ரொடீஷியா என்ற பெயரில் வெள்ளையர் கையிலிருந்தபோது பத்து வருஷம் சிறையில் கிடந்தவர். 1980-ல் சுதந்திரம் வந்து பிரதம மந்திரியானார். அப்படிப்பட்டவர் முதலில் என்ன செய்திருக்க வேண்டும்? தம்மையும் தம் தோழர்களையும் அடைத்து வைத்த சட்டங்களைக் கொளுத்தியிருக்க வேண்டுமல்லவா? செய்தாரா? வெள்ளைக்கார சர்க்கார் 1965-ல் போட்ட நெருக்கடி நிலையை 1990 வரையில் நீட்டி நீட்டி வைத்துக்கொண்டார். கறுப்பர் வாயை அடைக்க 1960-ல் வெள்ளையர் செய்த சட்டம் ஒழுங்கு காப்புச் சட்டத்தை 2002 வரை வைத்திருந்தார். மாமியார் போனாலும் கரண்டி மட்டும் மருமகள் கைக்கு வந்த கதைதான்!

அந்தக் கரண்டி யார் தலையில் விழுந்தது? 1983 முதல் வடகொரியரிடம் பயிற்சி பெற்ற ஐந்தாவது படை மடபெலேலாந்தில் ஆயிரக்கணக்கான குடியானவர்களைக் கொன்றது. செத்தவனும் கறுப்பன், சுட்டவனும் கறுப்பன். வெள்ளையர் பறித்த பூமியை மீட்பது நியாயமே. அதை நாம் ஒருக்காலும் குறை சொல்லோம். ஆனால் 2000-க்குப் பின் மீட்ட பண்ணைகளில் நல்லவற்றை மந்திரிகளும் அவர்களது பரிவாரங்களும் பங்கு போட்டுக்கொண்டது எந்த நியாயம்?

2008 மார்ச் தேர்தலில் முகாபே இரண்டாவது இடத்திற்குத் தள்ளப்பட்டார். முடிவைச் சொல்லவே ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. மறு தேர்தலுக்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் அடிபட்டும் கொலையுண்டும் போனதால், முதலில் வந்த ஸ்வாங்கிராய் விலகிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் முகாபே, தம்மை நியமித்தவர் கடவுள், கடவுள்தான் தம்மை நீக்க முடியும் என்று மேடையில் பேசினார். ஓட்டுப் போட்டவன் நீக்க முடியாதாம்! நமக்குத் தெரிந்த வரையில் 2017-ல் வந்தது கடவுளல்ல, பீரங்கி வண்டிதான்.

அந்த வண்டிதான் எதற்காக வந்தது? ஜனங்கள் பசியால் துடித்தபோது வரவில்லை. நூறு லட்சங்கோடி டாலர் என்று காகிதத்தில் அச்சிட்டும் வாழ்வு ஓடாத 2009-லும் வரவில்லை. உதவி ஜனாதிபதி மனங்காக்வாவை முகாபே வேலை நீக்கிய பிறகே வந்தது. இந்த மனங்காக்வா புது ஆளா? 1980 முதல் முகாபேயின் மந்திரி. ஐந்தாவது படை அட்டூழியம் செய்த நாளில் பாதுகாப்பு இலாகாவைக் கையில் வைத்திருந்தவர். ஜனாதிபதியாக வந்ததும் ஜனங்களின் குரலே கடவுளின் குரல் என்றார். மறு வருஷம் ஆகஸ்டு 1-ந்தேதி தேர்தல் முடிவு தாமதமானதைக் கேட்க ஹராரே வீதிக்கு ஜனங்கள் வந்தார்கள். சிப்பாய்கள் சுட்டார்கள். ஆறு பேர் செத்தார்கள். கடவுளின் குரலுக்குத் துப்பாக்கிதான் பதிலா?

கறுப்பனுக்கு ஆளத் தெரியாது என்று இதைக் காட்டிப் பேசும் வெள்ளைப் பண்டிதர்களுக்கு ஒரு வார்த்தை: விசாரணையின்றி அடைப்பதையும், கூட்டம் போட்டால் சுடுவதையும் அந்த மண்ணில் சட்டமாக எழுதிக் காட்டியது யார்? குரு நீங்கள்தானே? சிஷ்யன் பாடத்தை நன்றாகப் படித்துவிட்டான் என்பதுதான் உங்கள் வருத்தமா?

1960-ன் சட்டம் 2002-ல் பொது ஒழுங்கு பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிற்று. முகாபே 2019 செப்டம்பரில் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த வருஷமே அச்சட்டம் சமாதான ஒழுங்கு பராமரிப்புச் சட்டம் என்று மறுபடி பெயர் மாறிற்று. கூட்டம் போட இன்னும் போலீசுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.