ஜப்பான்காரன் மூளை, நம்மாளு மூளை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆணி அதிகம். இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உட்கார வெச்சது ஒரு கல்யாண வீடு.

போன வாரம் மதுரைப் பக்கம் சொந்தத்துல ஒரு கல்யாணம். மொய் எழுதுற மேசையில நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்துலயே ஒரு க்யூஆர் அட்டையையும் நிக்க வெச்சிருந்தாங்க. ஒன்னுவிட்ட அண்ணன் ஒருத்தர் போனை நீட்டி, 'டொய்ங்'னு சத்தம் வந்ததும் வெற்றிப் புன்னகையோட என் பக்கம் திரும்பினார். அவர் இப்போ இருக்கிறது ஜெர்மனியில.

"பாத்தியா தம்பி? அங்க ரொட்டிக் கடையில இன்னும் சில்லறை எண்ணிக்கிட்டு நிக்கிறேன். வெள்ளைக்காரனுக்கு மாறுற புத்தியே கிடையாது. நம்ம ஜனங்களைப் பாரு, கீரைக்காரம்மா கூட ஸ்கேன் பண்ணச் சொல்லுது. நாம எங்கயோ போயிட்டோம்!"

எனக்குச் சிரிப்பு தாங்கலை. ஏன்னா இதே அண்ணன் 2006-ல ஜப்பான்லேர்ந்து லீவுக்கு வந்தப்போ, இதே மாதிரி ஒரு பந்தியில உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தவர். "அங்க போனை ரயில் ஸ்டேஷன் கேட்ல காட்டினா கதவு தொறக்குது. நம்மாளு மிஸ்டு கால் குடுத்தே காலத்தை ஓட்டுறான். இதெல்லாம் ரத்தத்துல இருக்கணும் தம்பி" அப்படின்னார்.

இருபது வருஷத்துல நம்ம ஜனத்துக்கு யாரு ரத்தம் மாத்தி ஏத்தினாங்கன்னு கேட்கத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள பாயசம் வந்துருச்சு. அங்க விட்டதை இங்க கேக்குறேன்.

அண்ணனோட ரெண்டு பேச்சும் ஒரே பேச்சுதான். ஒன்னு அழுகை, இன்னொன்னு பீத்தல். ரெண்டுமே ஒரு நாடு புது சாமானை எவ்வளவு சீக்கிரம் கையில எடுக்குதோ அதை வெச்சு அந்த நாட்டு ஜனத்தோட புத்திக்கு மார்க் போடுது. அது சுத்த சோம்பேறித்தனம். யார் சட்டம் போட்டா, யார் விலை வெச்சா, யார் தலையில செலவு விழுந்துச்சுன்னு கேக்க மனசில்லாதவங்கதான் ரத்தம், ஜீன், கலாச்சாரம்னு கிளம்புவாங்க.

முதல்ல அந்த ஜப்பானையே எடுத்துக்குவோம். 1999 பிப்ரவரியில டோகோமோ கம்பெனி ஐ-மோட் கொண்டு வந்துச்சு. போன்லயே மெயில், செய்தி, டிக்கெட், பேங்க். 2000-ல கேமரா வெச்ச போன்லேர்ந்து படம் அனுப்பினாங்க. 2004-ல போனே பர்ஸ் ஆச்சு. 2006 ஜனவரியில நம்ம அண்ணன் சொன்ன ரயில் கேட் கதை. அப்போ உலகத்துலயே அவங்கதான் முன்னாடி, சந்தேகமே இல்லை. ஆனா அதே ஜப்பான்லதான் 2020-ல கொரோனா வந்தப்போ ஆஸ்பத்திரிகள் நோயாளி விவரத்தை கையால எழுதி ஃபேக்ஸ்ல அனுப்பிக்கிட்டிருந்தாங்க. அரசாங்கத்துக்கு ஃபிளாப்பி டிஸ்க்ல தாக்கல் பண்ணணும்னு சொன்ன ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை ஒழிச்சு முடிக்க 2024 ஆயிடுச்சு. ஃபிளாப்பிங்க! எம் பொண்ணுக்கு அது 'சேவ்' பட்டன் படம், அவ்வளவுதான்.

ஒரே ஜனம், ஒரே மூளை. ரயில் கேட்ல மட்டும் வேகமா வேலை செஞ்சு ஆபீஸுக்குள்ள போனதும் தூங்கிடுமா அது? டோகோமோ நெட்வொர்க், போன் மாடல், கட்டண வசூல் மூணையும் ஒரே கையில வெச்சிருந்தது, வேகமா ஓட்டுச்சு. ஆபீஸ்ல ஃபேக்ஸ் ஒழுங்கா வேலை செஞ்சுது, விதியும் அதையே கேட்டுச்சு, யாரும் மாத்தலை. பழசு நல்லா ஓடுற இடத்துல புதுசு மெதுவாத்தான் வரும். பிரான்ஸ்காரனுக்கும் இதே கதைதான். 1982-லேயே வீட்டுக்கு வீடு மினிடெல் பெட்டியைக் கொடுத்து அதுல ரயில் டிக்கெட் எடுக்க வெச்சவன், இணையம் வந்தப்போ 'எங்ககிட்டதான் ஒன்னு இருக்கே'ன்னு உட்கார்ந்துட்டான்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை, விடுங்க. நான் சொல்ற விஷயத்துக்கு அசைக்க முடியாத சாட்சி ஒன்னு இருக்கு. மியான்மர். நம்ம தாத்தா காலத்து பர்மா.

அங்க ராணுவ ஆட்சி நடந்த காலத்துல ஒரு சிம் கார்டு விலை எவ்வளவு தெரியுமா? 2000-களோட கடைசியில 1,500 டாலர், 2,000 டாலர்னு வித்துது. போன் இல்லைங்க, வெறும் சிம்! 2012 வாக்குல நூத்துக்குப் பத்து பேர்கிட்டகூட செல்போன் கிடையாது. அப்போ யாராவது யாங்கோனுக்குப் போயிட்டு வந்திருந்தா என்ன எழுதியிருப்பாங்க? 'பௌத்த நாடு, அமைதியான ஜனம், தொழில்நுட்பத்துல நாட்டமில்லை'ன்னு. 2013-ல ரெண்டு வெளிநாட்டுக் கம்பெனிக்கு லைசன்ஸ் கொடுத்தாங்க, கத்தார் ஊரெடூவும் நார்வே டெலிநாரும். 2014 ஆகஸ்ட், செப்டம்பர்ல கடை திறந்தாங்க. சிம் விலை 1,500 கியாட், அப்போதைய கணக்குக்கு ஒன்றரை டாலர் பக்கம். ஆயிரத்துல ஒரு பங்கு! அடுத்த மூணு நாலு வருஷத்துல கிட்டத்தட்ட நாடு முழுக்க போன். அதுவும் பட்டன் போன் படியைத் தாண்டி நேரா ஸ்மார்ட்போன். அதே பௌத்தம், அதே அமைதியான ஜனம்தான். மாறினது விலையும் லைசன்ஸும்.

அந்த வேகத்துக்கு என்ன விலை கொடுத்தாங்கன்னும் சொல்லணும். அங்க நிறைய பேருக்கு இணையம்னாலே ஃபேஸ்புக்தான். ரோஹிங்கியா மக்களுக்கு எதிரா அதுல வெறுப்பு பரவினப்போ தடுக்க போதுமான ஆள் இல்லை. ஐநா விசாரணைக் குழு 2018-ல இதைப் பத்தி எழுதுச்சு. போதுமான அளவு செய்யலைன்னு அந்தக் கம்பெனியே அந்த வருஷக் கடைசியில ஒத்துக்கிச்சு. 2021 பிப்ரவரியில மறுபடியும் ராணுவம் வந்துச்சு, முதல் வேலையா இணையத்தை அறுத்துச்சு. 2022-ல டெலிநார் கடையைக் கட்டிட்டுப் போயிருச்சு. அதே வருஷம் புது சிம் ஒவ்வொன்னுக்கும் 20,000 கியாட் வரி போட்டாங்க. ஒரு ஜனத்தை அவசர அவசரமா முன்னாடி தள்ளினதும் மேல உட்கார்ந்திருந்தவன்தான், பின்னாடி இழுத்ததும் அவனேதான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். மிஸ்டு கால் ஜனம்னு அண்ணன் நக்கல் அடிச்சாரே, அது.

1995 ஜூலை 31-ல கல்கத்தாவுலேர்ந்து ஜோதி பாசு டெல்லியில இருந்த சுக்ராமுக்குப் பேசினதுதான் இந்தியாவோட முதல் செல்போன் கால். அந்தக் காலத்துல நிமிஷத்துக்குப் பதினாறு ரூபா வரைக்கும் போகும். பேசுறவன் மட்டுமில்லை, கேக்குறவனும் காசு கொடுக்கணும்! எங்க பெரியப்பா பையன் செல்போன் வாங்கின புதுசுல, பெல் அடிச்சா நம்பரைப் பார்த்துட்டு கட் பண்ணிட்டு, பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு ஓடி அங்கேர்ந்து பேசுவான். பெல்ட்டுல செல்போன், கையில ஒத்த ரூபா காசு. அவன் மந்தபுத்திக்காரனா? கணக்கு தெரிஞ்சவன். 1999-ல புது தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, கம்பெனிங்க மொத்தமா லைசன்ஸ் கட்டணம் கட்டுறதுக்குப் பதிலா வருமானத்துல பங்கு கொடுத்தாப் போதும்னு ஆச்சு. 2003 மே மாசத்துலேர்ந்து வர்ற காலுக்குக் காசு இல்லைன்னு ஆச்சு. அதே வருஷம் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போனைக் கையில கொடுத்துச்சு, நோக்கியா 1100 டார்ச் லைட்டோட வந்துச்சு. அப்புறம் என்ன, லேண்ட்லைனுக்குப் பதிஞ்சு வெச்சுட்டு வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருந்த எங்க வீடு மாதிரி கோடி வீடு அந்த வரிசையை விட்டுட்டு இந்தப் பக்கம் பாஞ்சுது. (மிஸ்டு கால் பத்தி தனியா ஒரு பதிவே போடலாம். ஒத்த பைசா செலவில்லாம 'வந்து சேர்ந்துட்டேன்', 'கீழ இறங்கி வா', 'உன்னை நெனச்சேன்' மூணையும் சொன்னவன் நம்மாளு.)

கென்யாவை விட்டா பாவம். 2007 மார்ச்சுல சஃபாரிகாம் எம்-பேசாவை ஆரம்பிச்சுது. பேங்க் கணக்கே இல்லாதவன் பெட்டிக்கடையில காசைக் கொடுத்து, எஸ்எம்எஸ்லயே ஊருக்கு அனுப்பலாம். அங்க மத்திய வங்கி 'முதல்ல ஓட்டிப் பாரு, பார்த்துக்கலாம்'னு விட்டுச்சு. நம்ம ரிசர்வ் வங்கி 2008-ல போட்ட விதியில, செல்போன் வழி பணப் பட்டுவாடாவை வங்கிங்கதான் செய்யணும்னு சொல்லிடுச்சு. டெபாசிட் காசுக்குப் பாதுகாப்பு வேணும்ங்கிறது நியாயமான கவலைதான், நான் குறை சொல்லலை. ஆனா விளைவைப் பாருங்க. அதே வோடஃபோன் குழுமம், அதே எம்-பேசா பேருலேயே 2013-ல இந்தியாவுக்கு ஒரு வங்கியோட கூட்டு சேர்ந்து வந்துச்சு, 2019-ல மூடிட்டுப் போயிருச்சு. கென்யாக்காரன் மூளை நம்மளைவிடப் பெருசுன்னு அண்ணன் சொல்வாரா? சொல்ல மாட்டார். ஜப்பான்னா சொல்வார், கென்யான்னா சொல்ல மாட்டார். இதுல இன்னொரு வியாதியும் ஒளிஞ்சிருக்கு, அதை இன்னிக்குத் தொட வேணாம்.

அமெரிக்கா? ஐபோன் பொறந்த ஊரு. பிரெஞ்சு வங்கிங்க 1992-லேயே எல்லா கார்டுலயும் சிப் வெச்சாச்சு. அமெரிக்கக் கடைங்க அதுக்கு மாற ஆரம்பிச்சது 2015 அக்டோபர்லதான். ஏன் அந்த மாசம்? சிப் படிக்கிற மெஷின் வைக்காத கடையில மோசடி நடந்தா நஷ்டம் கடைக்காரன் தலையிலன்னு கார்டு கம்பெனிங்க விதியை மாத்தினது அந்த மாசம்தான்.

அண்ணன் பீத்தின க்யூஆர் அட்டைக்கும் இதே பதில்தான். யூபிஐ வந்தது 2016-ல. அதே வருஷம் செப்டம்பர்ல ஜியோ டேட்டாவை சும்மா அள்ளி விட்டுச்சு, நவம்பர் 8 ராத்திரி ஐநூறு, ஆயிரம் செல்லாதுன்னாங்க. 2020 ஜனவரியிலேர்ந்து யூபிஐ வழியா வாங்குற காசுக்குக் கடைக்காரன்கிட்ட கமிஷன் கிடையாதுன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. அந்த செலவுல ஒரு பங்கை வரிப்பணத்துலேர்ந்து ஊக்கத்தொகைன்னு வங்கிங்களுக்குக் கொடுக்கறாங்க. ஜெர்மன் ரொட்டிக் கடைக்காரனுக்கு ஒவ்வொரு கார்டு உரசலுக்கும் கட்டணம் உண்டு, அவன் 'காசு குடுங்க'ன்னு போர்டு வைக்கிறான். கீரைக்காரம்மாவை ஜெர்மனியில கடை போட வெச்சா அந்தம்மாவும் அதே போர்டுதான் வைக்கும்.

இதுவரைக்கும் வேடிக்கைப் பேச்சு. இனிமேதான் எனக்கு வயித்தெரிச்சல்.

'நாம முந்திட்டோம்'னு சொல்றப்போ எதை எண்ணுறோம்? சிம்மை எண்ணுறோம், ஆளை இல்லை. 2021-ல இந்தியாவுல செல்போன் இணைப்பு 115 கோடிக்கும் மேல. அதே சமயம், 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 15 வயசுலேர்ந்து 49 வயசு வரைக்குமான பொண்ணுங்ககிட்ட, தானே பயன்படுத்துற போன் இருக்கான்னு கேட்டுச்சு. இருக்குன்னது 54 சதவீதம். மிச்சப் பாதிக்கு? புருஷன் போன், மகன் போன், இல்லைன்னா இல்லை.

அந்த இல்லாத பாதியை மறந்துட்டு, எல்லார் கையிலயும் இருக்குன்னு நெனச்சு ஒரு திட்டம் போட்டா என்னாகும்? பார்த்தோமே. 2021 மே ஒன்னாம் தேதி, 18 வயசுலேர்ந்து 44 வரைக்கும் தடுப்பூசி திறந்தாங்க, கோவின் தளத்துல பதிஞ்சாதான் ஊசின்னு. ஆரம்பத்துல தளம் இங்கிலீஷ்ல மட்டும். நம்ம பொட்டி தட்டுற பயலுக நிரல் எழுதி இடத்தைப் பிடிச்சானுங்க, நானும் அதுல ஒருத்தன், மறைக்க விரும்பலை. எங்க தெருவுல துணி தேய்க்கிற அண்ணனுக்கு நாலு நாள் நான் முயற்சி பண்ணி ஒரு இடம் பிடிச்சேன். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, காலையில ஒன்பது மணிக்கு. பஸ் ஓடாத ஊரடங்கு நேரத்துல! "விடுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்"னு சிரிச்சார். எனக்குத்தான் மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. உச்ச நீதிமன்றம் இதைக் கையில எடுத்துக் கேட்டுச்சு. மே கடைசியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா நேர்ல போனாலும் ஊசின்னு ஆச்சு. ஊரே செத்துக்கிட்டிருந்த மாசத்துல அந்தச் சில வாரம் சின்ன விஷயமில்லை. வேகமான நாடு அது.

ஸ்ரீபெரும்புதூர்ல 2006-ல நோக்கியா தொழிற்சாலை வந்துச்சு, நினைவிருக்கா? நம்ம ஊர்ப் பொண்ணுங்க கையால கோடிக்கணக்குல போன் செஞ்சு உலகத்துக்கே அனுப்பினாங்க. 2014 நவம்பர்ல மூடிட்டாங்க. உலகம் வேகமா அடுத்த போனுக்கு மாறிடுச்சு, கூடவே வரி வழக்கும் கை மாறின வியாபாரமும். 'வேகமா ஏத்துக்கிற நாடு' பட்டியல்ல இந்தப் பொண்ணுங்களுக்கு எந்த வரிசையில இடம்?

கல்யாணத்துக்கே திரும்பறேன். அண்ணன் 'டொய்ங்' அடிச்சுட்டு நகர்ந்ததும் பின்னாடி நின்னது எங்க தூரத்து அத்தை. முந்தானை முடிச்சை அவுத்து ஒரு ஐநூறு ரூபா நோட்டை எடுத்தாங்க, நாலா மடிச்சது. மேசையில இருந்த பையன், "ஜீபே இல்லையா பாட்டி?"ன்னான். கிண்டலா இல்லை, சும்மா பழக்கத்துல. அத்தை அவனை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. "நோட்டுல எழுதுப்பா. ஊர் பேரைப் போட்டு எழுது"ன்னாங்க. அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் பந்திக்குப் போனாங்க.

அண்ணன் பேரு அந்த நோட்டுல இல்லை. சாயங்காலம் கணக்குப் பார்த்தப்போ 'ஜெர்மனிக்காரன் ஒன்னும் வைக்கலை போலருக்கே'ன்னு மாப்பிள்ளையோட அப்பா கேட்டாராம். இப்ப அண்ணன் ஃபிராங்க்ஃபர்ட்லேர்ந்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிக்கிட்டிருக்கார்.