பூனைக்குக் கீமோதெரபி: விலை தெரியாத சந்தை

இலண்டனில் வாழும் என் முன்னாள் மாணவர் ஒருவர் நிதி கோரி எழுதியிருந்தார். மகள் வளர்க்கும் பூனைக்கு நிணநீர்ப் புற்றுநோய். இயன்றதை அனுப்பினேன். மனிதருக்கே மருந்தில்லாதபோது பூனைக்கா என்றார் மனைவி. நியாயமான கேள்விதான். எனக்கு எழுந்த கேள்வி வேறு: நல்ல வேலையில் உள்ள குடும்பம் ஏன் கையேந்த நேர்கிறது?

பிரிட்டனில் மனிதருக்குள்ள இலவசப் பொது மருத்துவம் வளர்ப்பு விலங்குகளுக்கு இல்லை. அங்குள்ள விலங்கு மருத்துவமனைகளில் 2013இல் சுமார் 10 விழுக்காடு பெருநிறுவனங்களிடம் இருந்தன. பத்தே ஆண்டுகளில் அது 60 விழுக்காட்டை நெருங்கிவிட்டது. 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இணையதளத்தில் கட்டணத்தையே குறிப்பிடவில்லை என 2024 மார்ச்சில் போட்டி, சந்தைகள் ஆணையம் தெரிவித்தது. விலையை ஒப்பிட்டு வாங்குபவரே நுகர்வோர் என்று ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுத்தவன் நான். நோயுற்ற பூனையை மடியில் கிடத்தியிருப்பவர் எதை எதனோடு ஒப்பிடுவார்? அவருடைய பாசமே அவரைப் பேரம் பேச முடியாதவராக்குகிறது.

நிதி திரட்டலும் சந்தையே. படத்தில் அழகாக விழும் பூனைக்கும் உருக்கமாக எழுதத் தெரிந்த குடும்பத்துக்கும்தான் பணம் சேர்கிறது. எழுதத் தெரியாத முதியவரின் பூனை அந்தக் கணக்கிலேயே வராது. என் நன்கொடையும் அந்தக் கட்டணத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டதுதான்.

காப்பீடு இல்லையா என்று மாணவரிடம் கேட்டேன். இருந்ததாம். அதன் ஆண்டு உச்சவரம்பு இரண்டாம் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது.