திண்ணையும் அடுக்களையும்

தேர்தல் அபேட்சகர் ஒருவரின் உண்மை நிலையை அறிய விரும்புவோர், பிரசாரம் ஓய்ந்து அவர் வீடு தங்கும் நாளில் அவரைக் காணல் வேண்டும் என்பது எமது துணிபு. மாலையும் மேடையும் ஒலிபெருக்கியும் நீங்கிய அந்நாளில் புனைவு கழன்றுபோம். அத்தகைய நாளொன்றை யாம் நேரிற் கண்டோம். கண்டது எம்மையும் நாணச் செய்தமையால் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தமிழ்நாட்டின் நகர்ப்புற ஸ்தல ஸ்தாபனங்களுக்கு 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் வாக்குப்பதிவு நிகழ்ந்தது. மாநகராட்சியாக உயர்ந்த நாகர்கோவிலின் 52 வட்டங்களும் முதன்முறையாக வாக்களித்த நாளும் அதுவே. 17ஆம் நாள் மாலை 6 மணியோடு பிரசாரம் முடிந்தமையால், இடைப்பட்ட 18ஆம் நாள் அபேட்சகர்க்கெல்லாம் ஓய்வு நாளாயிற்று. அப்பொழுது பள்ளி மாணவராயிருந்த யாம், எந்தையார் கொடுத்தனுப்பிய வாக்காளர் பட்டியலுடன், எமது மாவட்டத்துப் பேரூர் ஒன்றில், மகளிர்க்கென ஒதுக்கப்பட்ட வட்டத்தில் நின்ற மாதொருவரின் இல்லத்துக்குச் சென்றோம்.

திண்ணையில் அவர்தம் கணவர் நாற்காலியில் வீற்றிருந்தார். சுற்றிலும் ஆடவர் பலர் குழுமியிருந்தனர். தொலைபேசி ஒலிக்குந்தோறும் எடுத்துப் பேசியவர் அவரே. அபேட்சகர் எங்கே? அடுக்களையில் இருந்தார். தெருத்தெருவாய் நடந்து வீங்கிய காலோடும், கம்மிய குரலோடும், திண்ணையிலிருந்தோர்க்குச் சுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தார். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

அவ்வேளை அங்கு வந்த முதியவர் ஒருவர், “கீழத்தெருக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருக்காத் தண்ணி வருது, தெரியுமா?” என்று வினவினார். கணவர் விழித்தார். உள்ளிருந்து, “அஞ்சு நாளைக்கு ஒருக்கா, அதுவும் பாதி ராத்திரியில. மேட்டில இருக்கிற நாலு வீட்டுக்கு அதுவும் ஏறாது பாட்டா” என்று விடை வந்தது. முதியவர் அடுக்களைப் பக்கம் திரும்பி, “மக்களே, இதை நீ வெளிய வந்து சொல்லப்பிடாதா?” என்றார். ஒருவரும் வாய் திறந்திலர். கணவர் வேறு பேச்செடுத்தார். யாமும் பட்டியலைக் கணவர் கையிலேயே கொடுத்துவிட்டு, காப்பியை அருந்தி மீண்டோம்.

22ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன. அம்மாது வென்றார். ஆயினும், வென்றவர் அடுக்களையில் இருந்தவரோ, திண்ணையில் இருந்தவரோ என்னும் ஐயம் எம்மை விட்டு அகன்றிலது.

மனைவிக்குக் கணவன் துணை நிற்றல் குற்றமாகுமோ எனச் சிலர் வினவுவர். ஆகாது. ஆடவர் நின்ற வட்டங்களிலே அவர்தம் மனைவியரும் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டனர். எனினும் அவர்களை உறுப்பினர் என்று ஒருவரும் அழைத்திலர். துணை நிற்றல் வேறு. இடத்தைக் கவர்தல் வேறு.

1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தங்கள் ஸ்தல ஸ்தாபனங்களில் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் அளித்தன. தமிழ்நாடு 2016ஆம் ஆண்டில் அதனைப் பாதியாக உயர்த்திற்று. இது மாதர்க்குக் காட்டிய சலுகை என்று கருதுவோர் பொருளை உணர்ந்திலர். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை இவையே வட்டத்து உறுப்பினரின் கவலைகள். நள்ளிரவில் விழித்துக் குடம் நிரப்புபவர்க்குத் தெரிந்தது, உறங்குபவர்க்குத் தெரியாது. அவ்வறிவு மன்றம் ஏறவேண்டும் என்பதற்கன்றோ இச்சட்டம்? அடுக்களையிலேயே அதனை நிறுத்திவைத்தல் குடத்திலிட்ட விளக்கை ஒக்கும்.

எமது நாட்டு மாதர் இதற்குத் தகுதியற்றவர் என்று கூற ஒருவர்க்கும் வாய் எழாது. மேலாடைக்காகப் பல்லாண்டு அல்லலுற்று, 1859ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசின் பிரகடனத்தால் அவ்வுரிமையை ஓரளவேனும் பெற்றவர் இம்மண்ணின் மாதரே. 1957ஆம் ஆண்டிலே குளச்சல் தொகுதியினின்று சட்டசபைக்குச் சென்று, காமராசர் அமைச்சரவையில் ஸ்தல ஸ்தாபனத் துறையையும் மீன்வளத் துறையையும் தாங்கியவர் லூர்தம்மாள் சைமன். ஸ்தல ஸ்தாபனங்களுக்கே அமைச்சராய் ஒரு மாதை அளித்த மாவட்டத்தில், ஒரு வட்டத்துக்குக் கணவர் பதிலாளாக வேண்டுமோ?

குற்றம் கணவன்மார்பால் மட்டும் இல்லை. பட்டியலை யார் கையிற் கொடுத்தோம் என்பதை எண்ணுங்கால் எம்பாலும் உண்டு. விண்ணப்பத்தைக் கணவரிடம் நீட்டுபவரும், தொலைபேசியில் அவரையே அழைப்பவரும் நாம் அன்றோ? சட்டம் மாதர்க்கு இருக்கை அளித்தது. அதில் அவரை அமரவிடுதல் அண்டை வீட்டார் கடமை.

நண்பர்காள்! இனி வரும் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் எம்மனோர் பலர் முதன்முறையாக வாக்களிப்போம். பிரசாரம் ஓய்ந்த நாளில் அத்தகைய இல்லமொன்றுக்குச் செல்ல நேரின், திண்ணையில் நின்றுவிடாது, அபேட்சகர் எங்கே என்று வினவுவோமாக. அவர் வெளியே வந்து நாற்காலியில் அமரட்டும். காப்பியை அன்றேனும் கணவர் கலக்கட்டும்.