நின்றுபோன வண்டிக்கும் கணக்கு உண்டு!

கிழக்கு கடற்கரைச் சாலையில், நெம்மேலி பக்கம் மோட்டார் சைக்கிள் திடீரென்று நின்று போனால் என்ன ஆகும்?

கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடுவே ரோடு. மாமல்லபுரம் போகும் கார்களும் பஸ்களும் சீறிக்கொண்டு வரும். வண்டியை ஓரம் கட்டுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். இருட்டி விட்டால் கேட்கவா வேண்டும்!

பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி, கைக்குழந்தையோடு ரோட்டோரம் நிற்க வேண்டும். மறுநாள் வேலை போச்சு. ஒரு நாள் சம்பளம் போச்சு. மெக்கானிக் கூலி தனி.

இத்தனையும் பட்ட பிறகு வண்டிக்காரர் என்ன செய்கிறார்? "நம்ம நேரம் சரியில்லை" என்று சொல்லி, கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போய் விடுகிறார். யாரிடமும் எழுதிக் கேட்பதில்லை.

அங்கேதான் தப்பு நடக்கிறது.

உப்புக் காற்று

முதலில் வண்டிக்காரர் பக்கம் உள்ள குறையைச் சொல்லிவிட வேண்டும்.

நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. 2013-ல் தொடங்கியது. தினமும் 10 கோடி லிட்டர் தயாரிக்கக் கட்டப்பட்டது. 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலையும் வந்தது. தண்ணீரில் உள்ள உப்பை எடுக்க ஆலை உண்டு. காற்றில் உள்ள உப்பை யார் எடுப்பது?

அந்த உப்பு வண்டியின் மேல் படிகிறது. செயின் துருப்பிடிக்கிறது. ஸ்போக்ஸ் கம்பி அரித்துப் போகிறது. ஒயர்கள் சேரும் இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறுகிறது. பேட்டரியில் கரண்டு இருக்கும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. ஹாரன் அடிக்காது. லைட் மினுக் மினுக் என்று எரியும்.

இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது. அடிக்கடி நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவித் துடைக்க வேண்டும். சுமார் 500 கிலோ மீட்டருக்கு ஒரு முறை செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும். பேட்டரி முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

இதைக்கூடச் செய்யாமல் கம்பெனியைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

அன்று உப்புத்தாள், இன்று கம்ப்யூட்டர்

புல்லட் மோட்டார் சைக்கிள் நம்ம ஊர் வண்டி. 1950-களில் என்பீல்டு கம்பெனி திருவொற்றியூரில் உருவாக்கத் தொடங்கியது.

அந்தப் பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு வித்தை. டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்படி கிக்கரை மெல்ல அழுத்தி, அதன் பிறகு உதைக்க வேண்டும். தப்பி உதைத்தால் கிக்கர் திருப்பிக் காலில் அடிக்கும். எண்ணெய் வேறு ஒழுகும்.

ஆனால் ஒரு நன்மை இருந்தது. வழியில் நின்றாலும் அங்கேயே சரி செய்யலாம். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, பாயிண்டைத் துடைத்து விட்டால் பெரும்பாலும் கிளம்பி விடும்.

இன்று கதை வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. கார்புரேட்டர் போய், பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அதற்குச் சேதி சொல்ல இங்கொன்றும் அங்கொன்றுமாக சென்சார்கள். புகை குறைந்தது. சுவிட்சை அமுக்கினால் வண்டி கிளம்புகிறது. நல்லதுதான்.

நின்றால்? ரோட்டோர மெக்கானிக் கையைப் பிசைகிறார். கோளாறு எது என்று சொல்ல ஸ்கேனர் மெஷின் வேண்டும். அது கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. அங்கே போனால் "ஸ்பேர் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க" என்ற பதில்!

கம்பெனி ஒப்புக்கொண்ட குறை

எல்லாம் உப்புக் காற்றின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

2021 மே மாதம் ராயல் என்பீல்டு கம்பெனி 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. புல்லட், கிளாசிக், மீட்டியோர் ஆகிய வண்டிகள். குறை இக்னிஷன் காயிலில். இன்ஜின் விட்டு விட்டு ஓடலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்கியூட் கூட ஆகலாம் என்று கம்பெனியே சொன்னது.

அதற்கு முன்பு அந்தக் குறையால் வண்டி நின்றிருந்தால், அதன் சொந்தக்காரர் என்ன நினைத்திருப்பார்? பெட்ரோலில் தண்ணீர் என்று பங்க்காரரைத் திட்டியிருப்பார். அல்லது மெக்கானிக்கை மாற்றியிருப்பார். காயில் மீது சந்தேகம் வந்திருக்காது.

தானே முன்வந்து சொன்ன கம்பெனியைப் பாராட்டலாம். சொல்லாவிட்டால்?

அதற்கும் சட்டம் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2021 ஏப்ரல் முதல் விதிகள் அமலுக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில், ஒரே மாதிரிக் குறை பற்றி வரும் புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகும்.

கவனிக்க வேண்டியது இதுதான். புகார்களை எண்ணித்தான் நடவடிக்கை! வாய் மூடிப் போனவருடைய வண்டி அந்தக் கணக்கில் இல்லை.

எண்ணிக்கைக்கு பலம் உண்டு என்பதற்கு ஒரு உதாரணம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஓராண்டில் நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்த 10,644 புகார்களே காரணம். 99.1 சதவீதம் தீர்த்து விட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது. ஒரு ஆள் மட்டும் கத்தியிருந்தால் அந்தப் பதில்கூட வந்திருக்காது.

செய்ய வேண்டியது என்ன?

சர்வீஸுக்கு விடும்போது வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. எந்தத் தேதியில், எத்தனை கிலோ மீட்டர் ஓடிய பிறகு, எப்படி நின்றது என்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். நகல் வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும்.

சேஸிஸ் நம்பரைச் சொல்லி, "என் வண்டி திரும்ப அழைத்த பட்டியலில் இருக்கிறதா?" என்று ஷோரூமில் கேட்க வேண்டும். இருந்தால் அந்தக் குறையை இலவசமாகச் சரி செய்ய வேண்டியது கம்பெனியின் கடமை.

பதில் இல்லையா? 1915 என்ற நம்பருக்கு போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கம்பெனிகளுக்கும் அரசுக்கும் ஒரு வார்த்தை.

எந்த வண்டி, எந்த மாதம் செய்தது, என்ன குறை என்ற விவரத்தை ஒவ்வொரு ஷோரூம் வாசலிலும் தமிழில் போர்டு எழுதி வைக்க வேண்டும். வைக்காத ஷோரூமைப் போக்குவரத்து அதிகாரிகள் கேட்க வேண்டும். சின்ன மெக்கானிக்குகளுக்கும் ஸ்கேனரும் ஸ்பேரும் பயிற்சியும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு வலைத்தளம் தொடங்கியது. அதன் பலன் நெம்மேலி ரோட்டோர மெக்கானிக்கின் கை வரைக்கும் வந்து சேர வேண்டாமா?

ஒரு போர்டு எழுத எத்தனை ரூபாய் ஆகும்? கடற்கரை ரோட்டில் இருட்டில் வண்டி தள்ளுகிறவரின் உயிரை விட அது அதிகமா?