லேத்தில் சாணைக்கல் மாட்டுவதற்கு முன்பு புல்லிக் கணக்கைப் போடுங்கள்!

''விவசாயத்தோடு சிறிய லேத் பட்டறையும் வைத்திருக்கிறேன். கோழித்தீவன அரவை மெஷின், பம்ப்செட் ஆகியவற்றின் தேய்ந்த ஷாஃப்ட்டுகளுக்கு வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன். பேரிங் உட்காரும் இடத்தில் அளவு நிற்பதில்லை. லேத்திலேயே கிரைண்டர் அமைக்க முடியுமா? டூல் போஸ்ட்டில் ஆங்கிள் கிரைண்டரைக் கட்டி ஓட்டினால் போதும் என்கிறார்களே, சரியா?''

- வாசகர், சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.

தாராளமாக அமைக்கலாம். வெல்டிங் வைத்த இடம் ஒரு பக்கம் கடினமாகவும் ஒரு பக்கம் மிருதுவாகவும் இருக்கும். கடினமான இடத்தில் டூல் வழுக்கும், அளவு மாறும். 30 மி.மீ ஷாஃப்ட்டில் பேரிங் இறுக்கமாக உட்கார, 2 முதல் 15 மைக்ரான் வரைதான் அளவு கூடுதலாக இருக்கலாம். இதைச் சாணைக்கல்லால் எளிதாகப் பிடிக்கலாம்.

ஆனால், ஆங்கிள் கிரைண்டர் யோசனையைக் கைவிடுங்கள். 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அப்போது கல்லின் விளிம்பு நொடிக்கு 58 மீட்டர் வேகத்தில் ஓடும். அதற்கென வரும் டிஸ்க், உள்ளே வலை வைத்துச் செய்யப்பட்டது, அதைத் தாங்கும். ஷாஃப்ட் தீட்டும் சாதாரணக் கல், மண்பாண்டம் போலச் சுட்டெடுத்தது. பெரும்பாலும் நொடிக்கு 33 மீட்டர் வரைதான் தாங்கும். அதை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டினால், உடைந்து துண்டுகள் குண்டு போலப் பறக்கும். டிஸ்க்கையே வைத்து ஓட்டினாலும், அதன் ஆட்டத்தில் ஷாஃப்ட்டில் அலைக்கோடு விழும்.

தனி ஸ்பிண்டில் செய்துகொள்வதே சரி. EN8 கம்பியில் ஷாஃப்ட் கடைந்து, இரண்டு பக்கமும் 6204 பேரிங் போட்டு, கனமான இரும்பு வீட்டுக்குள் அமையுங்கள். கல்லின் மையம் லேத் சென்டர் உயரத்திலேயே இருக்கணும். கல்லை இறுக்கும் நட், கல் சுற்றும்போது இறுகும் மரையாக இருக்கணும்.

இப்போது கணக்கு. அரை ஹெச்.பி மோட்டார் நிமிடத்துக்கு 2,800 சுற்று. மோட்டாரில் 4 அங்குலப் புல்லி, ஸ்பிண்டிலில் 2 அங்குலப் புல்லி போட்டால், கல் 5,600 சுற்று சுற்றும். 4 அங்குலக் கல்லுக்கு இது நொடிக்குச் சுமார் 30 மீட்டர். 33-க்குள் அடங்குகிறது. இதே அமைப்பில் 5 அங்குலக் கல் மாட்டினால் 37 மீட்டராகிவிடும்; அது ஆபத்து. கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்றுக்குக் கீழேதான் எப்போதும் ஓட்டணும். சிறிய புல்லியில் தடித்த வி-பெல்ட் சூடாகி அதிரும். மெல்லிய தட்டை பெல்ட் நல்லது.

இரும்பு ஷாஃப்ட்டுக்கு அலுமினியம் ஆக்சைடு கல், 60 கிரிட் வாங்குங்கள். மாட்டும் முன்பு கல்லைத் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் தட்டுங்கள். 'டிங்' என்று கேட்டால் நல்ல கல். மந்தமான ஓசை வந்தால் விரிசல், மாட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஃபிளாஞ்ச், நடுவில் காகித வாஷர் கட்டாயம். கல்லைச் சுற்றி 3 மி.மீ தகட்டில் மூடி வேண்டும். புதுக் கல்லை ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். அப்போது எதிரே யாரும் நிற்கக் கூடாது. பிறகு டைமண்ட் டிரெஸ்ஸரால் சமன் செய்யுங்கள்.

கடையும்போதே 0.2 மி.மீ மீதம் வையுங்கள். 30 மி.மீ ஷாஃப்ட்டை 160 முதல் 200 சுற்றில் ஓட்டினால் போதும். கல்லும் ஷாஃப்ட்டும் ஒரே திசையில் சுற்றணும். அப்போதுதான் தொடும் இடத்தில் எதிரெதிராக உரசும். நுண்ணிய அளவுக்கு ஒரு வழி உண்டு. காம்பவுண்ட் ஸ்லைடை, பெட்டுக்கு இணையான கோட்டிலிருந்து 5 டிகிரி 45 மினிட் மட்டும் திருப்பிப் பூட்டுங்கள். கல்லின் ஷாஃப்ட் மட்டும் ஜாபுக்கு இணையாக இருக்கட்டும். ஸ்லைடை 0.1 மி.மீ நகர்த்தினால், கல் 0.01 மி.மீ மட்டுமே உள்ளே போகும், விட்டத்தில் 0.02 குறையும். ஒரு தடவைக்கு அதற்கு மேல் கொடுக்க வேண்டாம்.

கல் தூள், லேத் பெட்டுக்கு எமன். பெட்டை மூடி, மூடிய துணியின் ஓரங்களை இறுக்கிக் கட்டுங்கள்; தொங்கும் துணி சக்கில் சிக்கும். கல்லுக்குக் கீழே தண்ணீர்த் தட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்து, பழைய எண்ணெயைக் கழுவி எடுத்து, புது எண்ணெய் போடுங்கள்.

கல்லின் பாதுகாப்பான வேகம், ஸ்பிண்டில் சுற்று, புல்லி அளவு ஆகிய மூன்றையும் எழுதி, கிரைண்டிங் மெஷின் அருகில் வைக்க வேண்டும் என்று 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 30-வது பிரிவு சொன்னது. உங்கள் பட்டறையைச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், தகட்டில் பெயின்ட்டால் எழுதி மாட்டிவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் பையனோ, வேலையாளோ 5 அங்குலக் கல்லை எடுத்தால், அந்தத் தகடுதான் அவர்களை நிறுத்தும்.